புதுக் காம்பில் பழைய ஆட்டம்

கோல்ஃப் விளையாட்டின் வரலாற்றில் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஒரே மரத்துக்குச் சொந்தம். 1820-களில் தொடங்கி 1930-களின் தொடக்கம் வரை, ஸ்காட்லாந்தானாலும் இங்கிலாந்தானாலும் அமெரிக்காவானாலும், நல்ல மட்டைக்குக் காம்பு என்றால் அது ஹிக்கரிதான். பிறகு எஃகுக் குழாய் வந்தது. ஹிக்கரி மட்டைகள் பரணுக்கும் பழைய பொருள் கடைக்கும் போயின. இப்போது ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் சில பட்டறைகள் அதே மரத்தில் மீண்டும் மட்டை செய்கின்றன. அந்த மட்டைகளை வைத்துப் போட்டிகள் நடக்கின்றன. இந்தப் புது மட்டைகளுக்கு என்ன மரியாதை தருவது என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட கேள்வி. பழம்பொருள் சேகரிப்பவர்களில் பலர் அவற்றைப் போலி என்று தள்ளுகிறார்கள். புதுமை விரும்பிகள் வேண்டாத வேலை என்கிறார்கள். இரு தரப்பும் தவறு என்பது என் கட்சி. கருவியின் உயிர் அதன் வயதில் இல்லை, அது வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. பழைய மட்டை கையில் எப்படி நடந்துகொண்டதோ அப்படியே நடந்துகொள்ளும் புது மட்டை, பூட்டிய அலமாரியில் கிடக்கும் பழைய மட்டையைவிட மூலத்துக்கு நெருக்கமானது. ஆனால் அப்படி நடந்துகொள்ளாத புது மட்டை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வெறும் அலங்காரப் பொருள். இதை நிறுவ, முதலில் மூலம் எது என்று பார்க்க வேண்டும்.

ஹிக்கரி வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் வளர்வது. பீக்கன் கொட்டை காய்க்கும் மரத்தின் இனம். கோடாலிக்குக் காம்பு போடவும் வண்டிச் சக்கரத்துக்கு ஆரக்கால் செதுக்கவும் அமெரிக்கர்கள் அதைத்தான் தேடிப் போனார்கள். அடி விழும்போது நொறுங்காமல் வளைந்து கொடுப்பதும், வளைந்த வேகத்தில் நிமிர்வதும் அதன் குணம். ஸ்காட்லாந்து மட்டைத் தச்சர்கள் அதற்கு முன் ஆஷ், ஹேசல் போன்ற உள்ளூர் மரங்களில் காம்பு போட்டார்கள். கப்பலில் ஹிக்கரி வந்திறங்கியதும் அவற்றைக் கைவிட்டார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸில் ஹியூ ஃபில்ப்பும், அவருக்குப் பின் அந்தப் பட்டறையை நடத்திய ராபர்ட் ஃபோர்கனும் செய்த மட்டைகளை இன்று ஸ்காட்லாந்தின் ஆன்மா என்று போற்றுகிறோம். அந்த ஆன்மாவின் முதுகெலும்பு அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த இறக்குமதி மரம். தலைப்பகுதியின் கதையும் அப்படித்தான். முதலில் பீச், ஆப்பிள், பேரி மரங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் பெர்சிமன் மரம் அந்த இடத்தைப் பிடித்தது. பந்து மாறும்போதெல்லாம் மட்டையும் மாறியது. இறகு அடைத்த தோல்பந்து போய், மலாய்க் காடுகளின் மரப்பாலில் உருட்டிய கட்டாபெர்ச்சா பந்து 1848 வாக்கில் வந்தது. அந்தக் கெட்டிப் பந்தை அடித்து மெல்லிய நீள்மூக்குத் தலைகள் பிளந்தன. தலை குட்டையாகித் தடித்தது. 1898-இல் ரப்பர் நூல் சுற்றிய ஹாஸ்கெல் பந்து பிறந்தது. 1902-இல் அந்தப் பந்தால் சாண்டி ஹெர்ட் பிரிட்டனின் ஓபன் பட்டம் வென்றதும் மட்டைகள் மறுபடி உருமாறின. இப்படி ஒன்றின் இடத்தில் ஒன்று வந்துகொண்டே இருந்த மரபில், ஓர் ஆண்டைச் சுட்டி இதுதான் அசல், மற்றதெல்லாம் நகல் என்று கோடு கிழிக்க முடியாது. மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்று: உயிருள்ள மரக் காம்பும் அதை ஆளும் கையும்.

அந்தக் காம்பு உருவாகும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். இந்த வாதத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது. மரத்தின் நார் ஓட்டம் காம்பின் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை நேராகப் போக வேண்டும். நடுவில் ஓர் இடத்தில் நார் பக்கவாட்டில் வெளியேறினால் காம்பு என்றைக்காவது அந்த இடத்தில்தான் ஒடியும். அதனால் நல்ல தச்சர் மரத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலையை முடித்துவிடுவார். நன்றாக உலர்ந்த சட்டத்தை முதலில் நான்கு பட்டையாக, பிறகு எட்டுப் பட்டையாக இழைத்து, மெல்ல உருளையாக்குவார். இழைப்புளி ஓய்ந்த பிறகு சுரண்டும் தகடு, கடைசியில் உப்புத்தாள். இடையிடையே காம்பின் நுனியைத் தரையில் ஊன்றி அழுத்தி, வளைவு எங்கே விழுகிறது என்று பார்ப்பார். பிடிக்கு அருகில் வளைந்தால் ஒரு குணம். தலைக்கு அருகில் வளைந்தால் வேறு குணம். மயிரிழை கனத்துக்கு ஒரு சுருள் எடுத்தாலே அந்த வளைவு இடம் மாறும். எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. பிறகு ஆளிவிதை எண்ணெய் ஊட்டி, மேலே அரக்குப் பூச்சு. இரும்புத் தலையென்றால் கழுத்துக் குழிக்குள் காம்பை இறுக்கி, குறுக்கே ஓர் ஆணி. மரத் தலையென்றால் கழுத்தில் தார் தோய்ந்த நூலை நெருக்கமாகச் சுற்றுவார்கள். பிடியில் துணிப்பட்டை, அதன் மேல் சுருளாக ஏறும் தோல்வார். இவ்வளவும் முடிந்து நிற்கும் மட்டை, பக்கத்திலேயே அதே கை செய்த இன்னொரு மட்டையைப் போல இருக்காது. மரம் அப்படி.

இந்த மட்டையின் தனிக் குணம் அதன் முறுக்கத்தில் இருக்கிறது. எல்லாக் காம்பும் வளையும்; ஹிக்கரி வளைவதோடு முறுகவும் செய்யும். வீச்சின் தொடக்கத்தில் அவசரப்பட்டுக் கையை வீசினால் கனமான தலை பின்தங்கும், பந்தைத் தொடும் அதன் முகம் திறந்துகொள்ளும், பந்து வலப்புறம் ஓடிவிடும். பந்து முகத்தின் நடுவில் படாமல் விளிம்பில் பட்டால் காம்பு முறுக்கிக்கொண்டு, அந்தப் பிழையைக் கையிலும் மணிக்கட்டிலும் உறைக்கும்படி சொல்லும். ஆகவே ஹிக்கரி ஆட்டக்காரர் நிதானமாகத் தொடங்கி, தலை வந்து சேரும்வரை காத்து, முன்கையைத் திருப்பி முகத்தை நேராக்கியாக வேண்டியிருந்தது. ஆறு முறை ஓபன் வென்ற ஹாரி வார்டனின் ஓசையற்ற வீச்சும், அமெரிக்காவின் பாபி ஜோன்ஸின் அகன்ற இடுப்புத் திருப்பமும் வெறும் உடலழகு அல்ல. அவை அந்தக் காம்பு கேட்ட விலை. எஃகு வந்ததும் இது தலைகீழானது. எஃகுக் குழாய் முறுக்கத்தை எதிர்த்து நின்றது. முகத்தைத் திருப்பி நேராக்கும் வேலை கைகளுக்குக் குறைந்தது. இளமையில் ஹிக்கரியில் கற்று, பிறகு எஃகுக்கு மாறிய பைரன் நெல்சன், மணிக்கட்டின் வேலையைக் குறைத்து, கால்களால் உடலை முன்செலுத்தும் புது வீச்சை உருவாக்கினார். நவீன வீச்சின் தந்தை என்று அவரைச் சொல்வது இதனால்தான். ஒரு காம்பின் பொருள் மாறியதால் மனித உடல் அசையும் முறையே மாறியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று விளையாட்டு வரலாற்றில் அரிது. அந்தப் பழைய அசைவை ஏட்டிலிருந்தோ மௌனப் படச் சுருளிலிருந்தோ கற்க முடியாது. அதைக் கற்பிக்கும் ஆசான் முறுகும் காம்பு ஒன்றே. பழைய காம்புகள் ஒவ்வொன்றாக ஒடிந்துகொண்டிருக்கும்போது புதுக் காம்பு இல்லையென்றால் அந்த அறிவும் போய்விடும்.

இனி, தோற்றத்துக்கும் குணத்துக்கும் உள்ள வேறுபாட்டுக்கு வருகிறேன். அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் எஃகுக் காம்பை 1924-இல் அனுமதித்தது. பிரிட்டனில் விதிகளை வகுத்த செயின்ட் ஆண்ட்ரூஸின் ஆர் அண்ட் ஏ 1929 வரை இழுத்துப் பிடித்தது. அந்த இடைவெளிக்குப் பின்னும் ஹிக்கரி உடனே சாகவில்லை. ஜோன்ஸ் 1930-இல் ஒரே ஆண்டில் நான்கு பெரும் பட்டங்களையும் ஹிக்கரி மட்டைகளால்தான் வென்றார். எஃகுக் காம்பால் முதலில் அமெரிக்க ஓபன் வென்றவர் 1931-இல் பில்லி பர்க். ஹிக்கரியோடு கடைசியாக அமெரிக்க அமெச்சூர் பட்டம் வென்றவர் 1936-இல் ஜானி ஃபிஷர். இந்த மாற்றக் காலத்தில் நடந்த ஒன்று கவனிக்கத்தக்கது. வாங்குபவர் மிரளக் கூடாதென்று எஃகுக் குழாய்களுக்கு மரநிறத்தில் பழுப்பு உறை போர்த்தி விற்றார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஹிக்கரி. கையில் எடுத்தால் எஃகு. பந்தைக் குழிக்குள் உருட்ட ஜோன்ஸ் வைத்திருந்த புகழ்பெற்ற பட்டர், கலாமிட்டி ஜேன், காம்பில் விரிசல் கண்டு நூல் சுற்றிக் கட்டப்பட்டது. ஸ்பால்டிங் நிறுவனம் அதன் பிரதிகளைச் சந்தைக்கு விட்டபோது, அந்தக் கட்டுகளைப் போன்ற கறுப்பு வளையங்களையும் காம்பில் போட்டது. காயம் இல்லாத இடத்தில் கட்டு. இவையெல்லாம் ஹிக்கரி யுகத்தின் மனிதர்களே, ஹிக்கரி யுகத்தின் நிறுவனங்களே செய்தவை. ஆயினும் இவற்றை அந்த மரபின் வாரிசு என்று நான் ஏற்கமாட்டேன். நேற்று ஒரு பட்டறையில் இழைத்த புது ஹிக்கரிக் காம்பை ஏற்பேன். காலம் நெருக்கமாக இருப்பதால் உறவு வந்துவிடாது. முறுக்கமும் கனமும் ஒத்துப்போனால் வரும்.

இதற்கு முதல் ஆட்சேபம்: அசல் மட்டைகளே இன்னும் கிடைக்கும்போது நகல் எதற்கு? நியாயமான கேள்வி. 1920-களில் மட்டைகள் பெருந்தொகையாக உற்பத்தியாயின. அவற்றில் சாதாரணமானவை இன்றும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. காம்பு நன்றாக இருந்தால் அவற்றைத் துடைத்து எண்ணெயூட்டி ஆடலாம்; ஆட வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் நூறு வயதான காம்புக்குள் என்ன விரிசல் ஒளிந்திருக்கிறது என்பது ஒடியும்வரை தெரியாது. எல்லாப் பழைய மட்டையும் சாதாரணமும் அல்ல. லீத் நகரத்து ஆண்ட்ரூ டிக்சன் செய்ததாகக் கருதப்படும் நீள்மூக்குப் பட்டர் ஒன்று 2007-இல் சோத்பிஸ் ஏலத்தில் 1,81,000 டாலருக்குப் போனது. அதைக் கையில் எடுத்துப் பந்தடிப்பது வரலாற்றை விறகாக்குவது. அதே நேரம், யாரும் அடித்துப் பார்க்காமல் அது எப்படி வேலை செய்தது என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லை. மீட்டாத வீணையைப் பார்த்து அதன் நாதத்தை ஊகிக்கும் நிலைதான். இந்த முடிச்சை அவிழ்ப்பது நல்ல பிரதி மட்டுமே. அரியதை அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டு, அதன் அளவிலும் கனத்திலும் புதிதாகச் செய்து ஆடலாம். ஒடிந்தால் இன்னொன்று செய்யலாம். பழையது பிழைக்கவே புதியது தேவைப்படுகிறது.

இரண்டாவது ஆட்சேபம் கடினமானது. இன்றைய பட்டறைகள் இயந்திரத்தால் கடைகின்றன, இரும்புத் தலையை அடித்துச் செய்யாமல் வார்க்கின்றன, வச்சிரத்துக்குப் பதில் எப்பாக்ஸி ஒட்டுகின்றன. இது எப்படிப் பழைய மட்டையாகும்? இயந்திரத்தைப் பற்றிய பாதியை எளிதில் தீர்க்கலாம். ஒஹையோவின் டேட்டன் நகரில் கிராஃபோர்ட், மெக்ரிகர் அண்ட் கேன்பி என்ற நிறுவனம் காலணிக்கான மரக் கட்டைகளைக் கடைந்து வந்தது. ஒரு மாதிரியைப் பார்த்து அதே வடிவில் பலவற்றைக் கடையும் இயந்திரம் அவர்களிடம் இருந்தது. 1890-களின் இறுதியில் அதே இயந்திரத்தில் அவர்கள் கோல்ஃப் மட்டைத் தலைகளைக் கடையத் தொடங்கினார்கள். ஆக, நகலெடுக்கும் இயந்திரம் ஹிக்கரி யுகத்துக்குள்ளேயே இருந்தது. நாம் அசல் என்று கொண்டாடும் பல மட்டைகளின் தலை அதில் பிறந்தது. இரும்பிலும் கைச்சம்மட்டியின் இடத்தை அச்சு வைத்து அடிக்கும் இயந்திரம் அந்தக் காலத்திலேயே பிடித்துக்கொண்டது. பசை விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் இல்லை. கழுத்து மழைக்காலத்தில் தளராமல் இருப்பது பழைய தச்சரும் விரும்பியதுதான்.

ஆனால் அந்த ஆட்சேபத்தின் மறுபாதியில் உண்மை இருக்கிறது, அதை மழுப்ப மாட்டேன். சில புது மட்டைகள் பழைய உருவத்துக்குள் புதிய சலுகைகளை நுழைக்கின்றன. தலையின் கனத்தை விளிம்புகளுக்குத் தள்ளி, நடுவில் படாத அடியையும் மன்னிக்கும்படி செய்தால், மட்டை பழைய மட்டையல்ல. காம்பைத் தேவைக்கு மேல் தடிப்பாக விட்டு முறுக்கத்தைக் கொன்றாலும் அப்படித்தான். மூலம் கேட்ட உழைப்பைக் கேட்காத பிரதியைப் பிரதி என்று சொல்ல எனக்கு மனம் வராது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. புதுத் தொகுதிகளில் மட்டைகள் ஒன்றோடொன்று மிக நன்றாக ஒத்துப்போகின்றன, பழைய தொகுதிகளில் அப்படி இல்லை, ஆகவே அந்த ஒழுங்கே பொய் என்று சிலர் சொல்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. பழைய ஆட்டக்காரர் ஒத்துப்போகாத மட்டைகளை விரும்பி வைத்திருக்கவில்லை. ஒன்றைப் பிடித்துப் பார்த்து, வேண்டாமென்று வைத்து, இன்னொன்றைத் தேடி, ஆண்டுக்கணக்கில் ஒரு தொகுதியைச் சேர்த்தார்கள். ஜோன்ஸ் கையுணர்வால் மட்டுமே சேர்த்த மட்டைகளைப் பிற்காலத்தில் அளந்தபோது, ஒன்றைத் தவிர மற்றவை வியக்கத்தக்க அளவு பொருந்தியிருந்தன என்றும், அந்த ஒன்று அவருக்கு எப்போதும் சரிப்படாத மட்டைதான் என்றும் கோல்ஃப் உலகில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. ஒழுங்கு அந்த யுகத்தின் கனவு. அதை நிறைவேற்றித் தரும் தச்சர் துரோகம் செய்யவில்லை.

ஏமாற்று பற்றிய அச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய முத்திரையைப் புது இரும்பில் குத்தி, செயற்கையாகத் துரு ஏற்றி, சேகரிப்பாளர் தலையில் கட்டுவது குற்றம். டாம் ஸ்டூவர்ட்டின் குழாய்ச் சின்னத்துக்கும் ஜார்ஜ் நிக்கலின் கைச்சின்னத்துக்கும் இன்றும் மதிப்பு இருப்பதால் அந்த ஆசை எழத்தான் செய்யும். மருந்து எளிது: செய்தவர் பெயரும் செய்த ஆண்டும் தலையின் பின்புறத்தில் அழியாதபடி பதிய வேண்டும். அமெரிக்காவின் ஹிக்கரி கோல்ஃபர்கள் சங்கம் 1935-க்கு முந்தைய மட்டைகளையும், அந்த வடிவங்களை ஒட்டிச் செய்து அங்கீகாரம் பெற்ற பிரதிகளையும் தன் போட்டிகளில் ஏற்கிறது. வெளிப்படையாகச் சொல்லிச் செய்த பிரதியை ஆட்டத்துக்குள் அனுமதிப்பது சரியான வழி. மறைக்க வேண்டிய தேவையை அது எடுத்துவிடுகிறது.

கடைசி ஆட்சேபம், இதெல்லாம் வசதி படைத்தவர்களின் பழமை மோகம் என்பது. கோல்ஃப் பணக்காரர் ஆட்டம் என்பதையோ, கையால் செய்த ஹிக்கரித் தொகுதி மலிவல்ல என்பதையோ நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆட்டம் இன்று சிக்கியிருக்கும் இக்கட்டுக்கு ஹிக்கரியிடம் ஒரு பதில் இருக்கிறது. செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் 1927-இல் ஜோன்ஸ் ஓபன் வென்றபோது அதன் நீளம் சுமார் 6,500 கெஜம். 2022 ஓபனுக்கு அது 7,313 கெஜம். மட்டையும் பந்தும் தூரத்தைக் கூட்டக் கூட்ட நிலம் நீள வேண்டியிருக்கிறது. நீண்ட நிலத்துக்குத் தண்ணீர் கூடுதலாகப் பாய்ச்ச வேண்டும். கூடுதல் உரம், கூடுதல் நடை. இது தாங்காது என்று ஆர் அண்ட் ஏயும் அமெரிக்கக் கோல்ஃப் சங்கமும் உணர்ந்துதான், பந்து போகும் தூரத்தைக் குறைக்கும் விதியை 2023 டிசம்பரில் அறிவித்தன. அவர்கள் பந்தைக் கொண்டு செய்ய முனைவதை ஹிக்கரிக் காம்பு தானாகவே செய்கிறது. ஆறு ஓபன்களை நடத்திய மஸ்ஸல்பரோ ஒன்பது குழி மைதானம், நவீன மட்டைக்குச் சிறுவர் விளையாட்டுத் திடல். ஹிக்கரிக்கு இன்றும் முழுச் சோதனை. 2005-இல் உலக ஹிக்கரி ஓபன் அங்கே தொடங்கியது அதனால் பொருத்தமே. மேற்கு வர்ஜீனியாவின் ஓக்ஹர்ஸ்ட் மைதானம் 1884-இல் பிறந்து, கைவிடப்பட்டு, 1994-இல் மீட்கப்பட்டது. அங்கே மணலைக் குவித்து அதன் மேல் பந்தை வைத்து, கட்டாபெர்ச்சா மாதிரிப் பந்தை அடித்தார்கள். பிரதி மட்டையும் பிரதிப் பந்தும் இல்லாவிட்டால் அந்த நிலம் வெறும் புல்வெளியாகவே இருந்திருக்கும். நம் பக்கத்திலும் இதற்கு இடம் உண்டு. 1829-இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பும், 1895-இல் தொடங்கிய கோடைக்கானல் கோல்ஃப் கிளப்பும் பிறந்த நாளில் எஃகுக் காம்பு புழக்கத்துக்கு வரவில்லை. அங்கே முதலில் ஆடியவர்கள் கையில் இருந்தது மரம்தான்.

ஆகவே என் வேண்டுகோள் மூவருக்கு. அருங்காட்சியகங்களும் பழைய கிளப்புகளும் தங்களிடமுள்ள மட்டைகளின் புகைப்படத்தோடு நின்றுவிடாமல், மொத்தக் கனம், தலைக் கனம், காம்பின் விட்டம் ஒவ்வொரு அங்குலத்துக்கும், வளைவு விழும் இடம், நார் ஓட்டம் ஆகியவற்றை அளந்து எல்லோருக்கும் கிடைக்கும்படி வெளியிட வேண்டும். மட்டை செய்பவர்கள் தங்கள் பெயரையும் ஆண்டையும் பதிப்பதோடு, எந்த மூலத்தை ஒட்டிச் செய்தார்கள், எதை மாற்றினார்கள் என்பதையும் எழுதித் தர வேண்டும். ஆடுபவர்கள் புது ஹிக்கரி மட்டையை வாங்கும் முன் அதை அடித்துப் பார்க்க வேண்டும். விளிம்பில் பட்ட அடியைக் கையில் உணர்த்தாத மட்டையை, எவ்வளவு அழகாக இருந்தாலும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.